காசு கொடுத்து விண்வெளிக்குப் போகிறவர்களும் சூரியப் புயலும்: ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்வது யார்?

இரணைமடு ரீச்சர்

எங்கள் பாடசாலை விவாத அணிக்குக் கிடைத்திருக்கும் தலைப்பு இது: ‘சூரியப் புயலுக்கான பாதுகாப்பு விதிகள் வரும்வரை வணிக விண்வெளிச் சுற்றுலாவை நிறுத்திவைக்க வேண்டும்.’ பிள்ளைகள் ஒட்டியும் வெட்டியும் பேச ஆயத்தமாகிறார்கள். இணையத்தில் தேடினால் ஒன்று ‘உலகமே இருளப்போகிறது’ என்ற வீடியோ, இல்லாவிட்டால் கொம்பனி விளம்பரம். நடுவில் உள்ளதை இங்கே பேசலாம் என்றுதான் இந்த இழை.

சூரியனில் பெரிய வெடிப்பொன்று நடந்தால் அதன் விளைவு பூமிக்கு மூன்று தவணையாக வருகிறது. ஒளியும் எக்ஸ் கதிரும் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். வெடிப்பு நம் கண்ணில் படும்போதே அது வந்து சேர்ந்தாயிற்று. அடுத்து வருபவை வேகம் கூடிய புரோத்தன்கள். மோசமான நாளில் அரை மணிக்குள் வந்துவிடும், சில வேளை மணிக்கணக்கில் பிந்தும். மனித உடலுக்கு ஆபத்து இவைதான். கடைசியாக வருவது சூரியன் கக்கிய பிளாஸ்மா முகில். அதற்கு ஒன்று முதல் மூன்று நாள் எடுக்கும். பூமியின் காந்தப்புலத்தைக் குழப்புவதும், வளிமண்டலத்தின் மேற்பகுதியைச் சூடாக்கி ஊதவைப்பதும் அதன் வேலை.

விண்வெளி வானிலையையும் கணிக்கும் அமெரிக்காவின் நோவா நிறுவனம் இந்த மூன்றுக்கும் முறையே ஆர், எஸ், ஜி என்று தனித்தனி அளவுகோல் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. ‘ஜி5 புயல்’ என்று செய்தி வந்தால் மேலே இருப்பவர் கருகிவிடுவார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆளுக்கு வரும் ஆபத்தைச் சொல்வது ‘எஸ்’. இதைக் குழப்பினால் எதிரணி பிடித்துவிடும்.

வற்றாப்பளையான்

ரீச்சர், கோபிக்க வேண்டாம். இங்கே உரத்துக்கும் டீசலுக்கும் கணக்குப் பார்த்தே சனத்துக்குப் பொழுது போகிறது. பெரும் பணக்காரர் தலையில் புரோத்தன் விழுந்தால் எங்களுக்கு என்ன வந்தது? அவர்களாக விரும்பிப் போகிறார்கள், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

புதுக்குடியிருப்புப் பெடியன்

நான் ‘நிறுத்தக் கூடாது’ என்ற பக்கம். என் வாதம் நேரம்தான். புளூ ஒறிஜின் கொம்பனியின் நியூ ஷெப்பர்ட் ரொக்கெட் டெக்சாசில் இருந்து கிளம்பி, 100 கிலோமீற்றரைத் தாண்டி, திரும்ப இறங்க 11 நிமிடம் மட்டில்தான். 2024 மே 10, 11 இல் ஜி5 புயல் அடித்தது. 2003 ஒக்டோபருக்குப் பிறகு அப்படி ஒன்று வந்ததே இல்லை. மே 14 இல் சூரியனின் அதே பகுதியிலிருந்து எக்ஸ்8.7 வெடிப்பு, எக்ஸ் என்பது மிகப் பலமான வகை. மே 19 இல் ஆறு பேர் போனார்கள். அதில் விஜயவாடாவில் பிறந்த கோபிசந்த் தொட்டகூராவும் இருந்தார், 90 வயது எட் டுவைட்டும் இருந்தார். சுகமாகத் திரும்பி வந்தார்கள். பிறகு எதற்கு நிறுத்த வேண்டும்?

மாங்குளம் எக்ஸ்ரே

தம்பி சொல்வதில் ஒரு பாதி சரி. நான் ஆஸ்பத்திரியில் கதிர்ப்படம் எடுக்கிறவன். பத்து நிமிடப் பயணத்தில் டோஸ், அதாவது உடல் வாங்கும் கதிரின் அளவு, பற்றிப் பேச அதிகம் இல்லை. ஆனால் ‘விண்வெளிச் சுற்றுலா’ என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் சாதாரண நாளிலேயே அரை முதல் ஒரு மில்லிசீவேர்ட் (டோஸை அளக்கும் அலகு) மட்டில் ஏறும். தரையில் இயற்கையாக நாங்கள் ஒரு வருடம் முழுக்க வாங்குவது, உலகச் சராசரியில், 2.4. அதை அங்கே சில நாளில் வாங்கிவிடலாம். வயிற்றுக்கு எடுக்கும் சி.ரி. ஸ்கான் ஒன்று 8, 10 வரும். ஆகவே நாலு நாள் சுற்றுலா யாரையும் கொல்லாது. புயல் இல்லாத நாளில்.

இப்போது என் நெஞ்சில் குத்தியிருக்கும் பாட்ஜைச் சொல்கிறேன். சின்ன பிளாஸ்டிக் கூடு, உள்ளே கதிரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் வில்லைகள். குறித்த தவணைக்கு ஒருமுறை கொழும்புக்குப் போகும். அங்கே அதைச் சூடாக்கி, வரும் ஒளியை அளந்து, என் பெயருக்கு நேரே ஒரு எண்ணை எழுதி அனுப்புவார்கள். பாட்ஜ் எனக்குக் கவசம் அல்ல. எவ்வளவு வாங்கினேன் என்று வாங்கின பிறகு சொல்லும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதிவேடு இருப்பதால்தான் என்னைப் போன்ற வேலைக்காரனுக்கு ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவேர்ட் என்ற எல்லையைக் காப்பாற்ற முடிகிறது. நாசா தன் ஆட்களுக்கு வாழ்நாள் முழுவதற்கும் 600 என்று வைத்திருக்கிறது. பணம் கொடுத்துப் போகிறவருக்கு? அவர் வேலைக்காரனும் இல்லை, நோயாளியும் இல்லை. பொதுசனத்துக்கு வைத்திருக்கும் ஆண்டுக்கு 1 என்ற கணக்கில் பார்த்தால் நிலையத்தில் இரண்டாம் நாளே எல்லை தாண்டிவிடும். இரண்டு மூன்று முறை போகிறவர்களும் உண்டு. அவர்களுடைய பதிவேட்டை யார் வைத்திருப்பது?

வற்றாப்பளையான்

சரி, இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ட்ரொம்சோவில் ஒரு முல்லைத்தீவான்

எங்கள் ஊரில் துருவ ஒளி மாரிகாலத்தில் வீட்டு முற்றத்திலேயே தெரியும். அது அழகுக்கு மட்டும் வருவதில்லை, பூமியின் காந்த வேலியில் பொட்டு, அதாவது ஓட்டை, இருக்கும் இடம் இது என்று காட்டுகிறது. வன்னிக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. காந்த நடுக்கோடு உங்களுக்கு வெகு அருகால் போகிறது. அண்டக்கதிரை மிக நன்றாகத் தடுக்கும் இடங்களில் ஒன்று உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. துருவத்துக்குப் போகப் போக வேலி தாழ்ந்துகொண்டே வரும்.

ஆகவே எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தப் பாதை என்றும் கேட்க வேண்டும். விண்வெளி நிலையம் நடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்வில் சுற்றுவதால் பெரும்பாலும் வேலிக்குள்ளே நிற்கிறது. 2025 ஏப்ரலில் ஸ்பேஸ்எக்ஸ் கொம்பனியின் ட்ராகன் கலத்தில் போன ஃப்ராம்2 பயணம் 90 பாகை. மனிதர்கள் துருவத்துக்கு மேலால் சுற்றியது அதுதான் முதல் தடவை. சுன் வாங் என்ற பணக்காரர் காசு கட்டினார். வாகனத் தளபதி யன்னிக்கே மிக்கெல்சன் எங்கள் நோர்வேக்காரி. ஒரு சுற்று ஒன்றரை மணி என்றால், முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதோ ஒரு துருவத்துக்கு மேலே நிற்பார்கள். சூரியன் உசாராகி அடங்கும் சுழற்சிகளில் 25 ஆவதின் உச்சக் காலம் என்று 2024 ஒக்டோபரில் அறிவித்திருந்தார்கள். உச்சம் இறங்கும் காலத்திலும் பெரிய வெடிப்புகள் வரும். பயணம் நல்லபடி முடிந்தது, சந்தோஷம். ஆனால் அந்த நாட்களில் புரோத்தன் மழை வந்திருந்தால் அது துருவத்தைச் சுற்றி வேலி திறந்திருக்கும் ‘துருவத் தொப்பி’ வழியாகத்தான் இறங்கியிருக்கும்.

உயரமும் கணக்கு. 2024 செப்டெம்பரில் போலரிஸ் டோன் என்ற தனியார் ட்ராகன் பயணம் 1,400 கிலோமீற்றர் வரை ஏறி, பூமியின் காந்தப்புலத்தில் கதிர்த் துகள்கள் அடைபட்டிருக்கும் வான் ஆலன் வளையத்தின் உட்பகுதியைத் தொட்டுவந்தது. அங்கே அதிக நேரம் நிற்காமல், 700 சொச்சத்துக்கு இறக்கிய பிறகுதான் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். காசு கட்டிப் போனாலும் ஒழுங்காகத் திட்டமிட்டால் செய்யலாம் என்பதற்கு இது உதாரணம், தம்பி உங்கள் பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

புதுக்குடியிருப்புப் பெடியன்

நன்றி அண்ணை. புயல் வந்தால் உடனே இறங்கிவிட முடியாதா?

ட்ரொம்சோவில் ஒரு முல்லைத்தீவான்

அங்கேதான் சிக்கல். ட்ராகன் கடலில் இறங்குவது. இறங்கும் இடத்தில் அலையும் காற்றும் அளவாக இருக்க வேண்டும். போலரிஸ் டோன் புறப்படுவதற்கு முன் நாட்கணக்கில் காத்திருந்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? திரும்பி வரும் நாளில் கடல் ஒத்துழைக்குமா என்ற கேள்விக்கு. நிலையத்துக்குப் போகிறவர்கள் இறங்க முடியாவிட்டால் அங்கேயே தங்கலாம். தனியாகச் சுற்றுகிறவர்களுக்குக் கொண்டுபோன ஒட்சிசன்தான் கெடு. மேலே சூரியன் குழம்பியிருக்க, கீழே கடலும் குழம்பியிருந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு வானிலையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

இன்னொன்று. ஊதிய வளிமண்டலத்தில் இழுவை கூடும். 2022 பெப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 மட்டில் போனது ஒரு சின்னக் காந்தப் புயலால்தான். 2024 மே புயலில் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் உயரம் திருத்தின. எது எங்கே நிற்கிறது என்ற கணக்கே குழம்பியது. அந்த நேரத்தில் நடுவில் ஆள் உள்ள கலம் ஒன்று இருந்தால் டோஸ் மட்டும் அல்ல, மோதலும் யோசிக்க வேண்டியதுதான்.

நெடுங்கேணி சேர்வேயர்

‘வன்னிக்காரருக்குக் கவலை இல்லை’ என்பதை அப்படியே விட முடியாது. உடம்புக்கு இல்லை. கருவிக்கு இருக்கிறது. நடுக்கோட்டுக்கு மேலே உள்ள அயன்மண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மின்னேறிய மேற்பகுதி, பொழுதுபட்ட பிறகு குமிழி குமிழியாகக் குழம்பும். சூரியன் உசாராக உள்ள வருடங்களில், பங்குனியை ஒட்டியும் புரட்டாதி, ஐப்பசியை ஒட்டியும் இது அதிகம்.

கட்டுப்பாட்டுப் புள்ளி ஒன்றுக்கு ஜிபிஎஸ் கருவியை முக்காலியில் நிறுத்திவிட்டு நெடுநேரம் பதிவெடுக்கும்போது பார்ப்பேன். பகல் முழுக்கக் கோடு நூல் பிடித்த மாதிரி வரும். ஏழரை, எட்டு மணி தாண்டியதும் ஒரு செயற்கைக்கோளின் சமிக்ஞை துள்ளும், பிறகு இன்னொன்று. கணினியில் போட்டால் அந்தப் பகுதி முழுக்கச் சைக்கிள் சிலிப், அதாவது அலை எண்ணும் கணக்கு அறுந்துபோயிருக்கும். வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தில்தான் வேலை. காணி எல்லையில் ஒரு சாண் அங்கே இங்கே போனால் அடிபாடு வரும் ஊர் இது.

வற்றாப்பளையான் கேட்டதற்கு இதுதான் என் பதில். விண்வெளிச் சுற்றுலாவுக்காக நல்ல முன்னறிவித்தல் செய்தால் அதே அறிவித்தலை மீன்பிடிக்காரரும் சேர்வேயரும் விமானியும் பாவிக்கலாம்.

வற்றாப்பளையான்

விமானி என்றதும் ஞாபகம். 2025 நவம்பர் கடைசியில் எயார்பஸ் ஏ320 வகையில் 6,000 மட்டில் விமானங்களுக்குத் திருத்தம் செய்யச் சொன்னார்களே, சூரியக் கதிர்வீச்சு தரவைக் கெடுக்கலாம் என்று? என் மருமகள் அந்தக் கிழமை ரொறன்ரோவில் இருந்து வர இருந்தவள். அப்போதுதான் இப்படி ஒரு சங்கதி இருக்கிறது என்றே தெரியும்.

மாங்குளம் எக்ஸ்ரே

ஆம், ஒக்டோபர் 30 இல் ஒரு விமானம் திடீரென்று உயரம் குறைந்ததுதான் தொடக்கம். அன்று சூரியன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, அண்டக்கதிராக இருக்கலாம் என்று சொன்ன ஆய்வாளர்களும் உண்டு. எதுவானாலும் ஒரு துகள் போய் ஒரு ‘0’ ஐ ‘1’ ஆக்கினால் போதும். விண்கலத்தில் இது அன்றாடம் நடக்கும் என்பதால்தான் ஒரே கணக்கைப் பல கணினிகள் செய்து ஒன்றையொன்று ஒப்பிடுகின்றன. கவசத்தை விட இந்த ஏற்பாட்டுக்கு நான் கூடுதல் மரியாதை வைப்பேன்.

இரணைமடு ரீச்சர்

சந்திரனுக்குப் போகும் சுற்றுலாவையும் ஒருவர் தொட வேண்டும். காந்த வேலியே இல்லாத இடம் அது. ஜப்பான் பணக்காரர் யுசாகு மயேசவா சந்திரனைச் சுற்றிவர வகுத்த டியர்மூன் திட்டம் 2024 ஜூனில் கைவிடப்பட்டாலும் ஆசை யாரையும் விட்டுப் போகவில்லை. அங்கே வாதம் அடியோடு மாறும். 1972 ஏப்ரலில் அப்பலோ 16 திரும்பியது, டிசெம்பரில் அப்பலோ 17 போனது. இடையில் ஆகஸ்ட் 4 இல் வந்த புரோத்தன் புயல், யாராவது சந்திரனில் வெளியே நின்றிருந்தால் கடும் நோயில் விழுத்தியிருக்கும். தப்பியது திட்டத்தால் அல்ல, நாட்காட்டியால்.

அதே புயலுக்கு இன்னொரு சாட்சியம் உண்டு. வட வியட்நாம் கரையோரம் அமெரிக்கா போட்டிருந்த காந்தக் கடற்கண்ணிகள் பல அன்று தாமாகவே வெடித்தன. பூமியின் காந்தப்புலம் ஆடியதைக் கப்பல் என்று எண்ணிவிட்டன. கண்ணிவெடி என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. வகுப்பில் இதைச் சொன்னபோது வேறெதற்கும் வராத அமைதி வந்தது.

புதுக்குடியிருப்புப் பெடியன்

ஈயத் தகட்டால் மூடிவிட்டால்?

மாங்குளம் எக்ஸ்ரே

எக்ஸ்ரே அறைக்கு ஈயம் சரி. வேகமான புரோத்தனுக்கு ஈயம் போட்டால் அது உடைந்து நியூத்திரன் போன்ற வேறு துகள்களைக் கிளப்பும், பாரமும் வீண். ஐதரசன் கூடிய பொருள்தான் நல்லது. தண்ணீர், பொலித்தீன், சாப்பாட்டுப் பொதிகூட. சந்திரனுக்குப் போகும் நாசாவின் ஓரியன் கலத்தில் புயல் வந்தால் ஆட்கள் சாமான் பைகளைச் சுற்றி அடுக்கி நடுவில் ஒடுங்க வேண்டும் என்பதுதான் திட்டம். 2022 இல் அதே கலம் ஆளில்லாமல் போன ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தில் ஹெல்கா, சோஹர் என்ற இரண்டு பெண் உருவப் பொம்மைகளை அனுப்பி, ஒன்றுக்கு மட்டும் கவச அங்கி போட்டு அளந்தார்கள். ஜன்னல்தான் விற்பனைப் பொருளாக உள்ள சுற்றுலாக் கலத்தில் இந்த மூலையை எங்கே வைப்பது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வவுனியா நொத்தாரிசு

நான் பொறியியல் பக்கம் வரவில்லை. காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்கச் சட்டத்தில் இவர்களுக்குப் பெயர் பயணிகள் அல்ல, ‘விண்பறப்பில் பங்குபற்றுவோர்’. 2004 இல் வந்த திருத்தச் சட்டம் அது. தெரிந்த ஆபத்துகளைக் கொம்பனி எழுத்தில் சொல்ல வேண்டும், தெரியாத ஆபத்துகளும் உண்டு என்று சொல்ல வேண்டும், இந்தக் கலம் பாதுகாப்பானது என்று அரசாங்கம் சான்று தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாசித்துக் கையெழுத்து வைத்தால் போகலாம். உள்ளே இருப்பவரின் பாதுகாப்புக்கு விதி எழுதுவதைக் காங்கிரஸ் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியாக 2028 ஜனவரி 1 வரை தள்ளியிருக்கிறது. கீழே உள்ள சனத்துக்கு விதி உண்டு. மேலே போகிறவருக்குக் கையெழுத்து.

கையெழுத்து வைப்பவர் உண்மையில் விளங்கி வைக்கிறாரா என்பதை என் மேசையில் நாளாந்தம் பார்க்கிறேன். உறுதி எழுத வருபவர் கடைசிப் பக்கத்தைத்தான் தேடுவார். பேனை எங்கே, எத்தனை இடத்தில் வைக்க வேண்டும் என்று கேட்பார். கோடிக் கணக்கில் காசு கட்டி, பயிற்சி முடித்து, குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு ஏவுதளத்துக்கு வந்தவர் மட்டும் வேறு மாதிரியா நடப்பார்? அந்த நேரத்தில் ‘இன்று எஸ்2, போகிறீர்களா?’ என்று அவரிடம் கேட்பதே பிழை. அது அவருடைய முடிவாக இருக்கக் கூடாது.

இரணைமடு ரீச்சர்

இதைத்தான் நான் தேடினேன். எங்கள் இரணைமடுக் குளத்தை வைத்துச் சொல்கிறேன். மேலே வவுனியாப் பக்கம் மழை கொட்டினால் கனகராயன் ஆற்றில் தண்ணீர் ஏறுவதை முன்னமே அறியலாம். அறிவதற்கு அளவுகோல் வேண்டும், அது இலகு. வான்கதவைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் யாரிடம், எந்த அடியில் திறப்பது என்பது முன்கூட்டி எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் கீழே உள்ள கிராமங்களுக்கு முக்கியம். மழை வந்த பிறகு கூட்டம் கூடினால் தண்ணீர் முந்திவிடும்.

விண்வெளியிலும் அளவுகோல் இருக்கிறது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் சூரியன் பக்கமாக, எல்1 என்ற இடத்தில் கலங்கள் நிற்கின்றன. இஸ்ரோவின் ஆதித்யா எல்1 2024 ஜனவரி 6 இல் அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி, என் மாணவிகள் பெயரைக் குறித்துவைத்திருக்கிறார்கள். ஆனால் பிளாஸ்மா முகில் அந்த இடத்தைத் தாண்டினால் மிஞ்சுவது கால் மணி முதல் ஒரு மணி. புரோத்தனுக்கு அதுவும் இல்லை.

வற்றாப்பளையான்

அப்படியானால் கொம்பனிகள் தாமாகவே நிறுத்தாதா? 2025 நவம்பர் 12 இல் புளூ ஒறிஜின் நியூ கிளென் ரொக்கெட்டைச் சூரியன் குழம்பியிருக்கிறது என்று பிற்போட்டு, அடுத்த நாள்தானே விட்டது.

வவுனியா நொத்தாரிசு

நல்ல உதாரணம். ஆனால் அதில் போனது செவ்வாய்க்கான நாசாவின் இரண்டு கலங்கள், ஆள் இல்லை. சாமானின் சொந்தக்காரர் நாசா. ‘வேண்டாம்’ என்று சொல்ல உரிமையும் அறிவும் உள்ள மூன்றாம் ஆள் ஒருவர் இருந்தார். தனியார் ஒருவர் காசு கட்டி, அதே கொம்பனி கலத்தையும் ஓட்டி, அதே கொம்பனி நாளையும் குறித்தால் அந்த மூன்றாம் ஆள் எங்கே?

என் யோசனை, ஒப்பந்தத்தில் ஒரு பந்தி: குறித்த அளவுக்கு மேல் இருந்தால் ஏவுதல் நிற்கும்; அதைச் சொல்பவர் விற்பனைப் பிரிவுக்குக் கீழே வேலை செய்பவராக இருக்கக் கூடாது; பிற்போட்டால் பயணிக்கு ஒரு சதமும் வெட்டு இல்லை. மூன்றாவது மிக முக்கியம். காசு போகும் என்றால் பயணியே ‘விடுங்கள்’ என்று நெருக்குவார்.

புதுக்குடியிருப்புப் பெடியன்

அப்படியானால் தலைப்பில் ‘நிறுத்திவைக்க வேண்டும்’ என்பதற்குப் பதிலாக, வெட்டிப் பேசும் அணி ‘நிறுத்தத் தேவையில்லை, இந்தப் பந்தி போதும்’ என்று எடுக்கலாம். அக்கா, அளவை ‘எஸ்2’ என்று எழுதவா?

மாங்குளம் எக்ஸ்ரே

எழுதாதே தம்பி. எஸ் அளவுகோல் 10 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கு (துகளின் சக்தியை அளக்கும் அலகு) மேற்பட்ட புரோத்தன்களை எண்ணுகிறது. 10 இல் உள்ளது ஒரு மில்லிமீற்றர் அலுமினியத்திலேயே நின்றுவிடும், கலத்துக்குள் வராது. 100 இல் உள்ளது மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் துளைக்கும். உள்ளே இருப்பவருக்கு அதுதான் கணக்கு. நோவா 100 க்கும் தனியாக எச்சரிக்கை விடுகிறது. கலத்துக்கு வெளியே நடக்கத் திட்டம் இருந்தால் மட்டும் எஸ் இலக்கத்தையும் சேர்.

ட்ரொம்சோவில் ஒரு முல்லைத்தீவான்

துருவப் பாதைக்கும் மற்றதுக்கும் வேறு வேறு எண் போடச் சொல்லுங்கள். ஒரே எண் போட்டால் டெக்சாஸ் பயணம் வீணாக நிற்கும், துருவப் பயணம் வீணாகப் போகும்.

வவுனியா நொத்தாரிசு

அப்போ பந்தி இரண்டு உபபந்தியாகும். நாளை இரவு எழுதிப் போடுகிறேன், ரீச்சர் எண்களைச் சரிபார்க்கட்டும்.